முதுகால் பார்த்த இருக்கை

விமான நிறுவனத்தின் இருக்கைப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றிய அவரை எல்லாரும் சீட்டுக்காரர் என்றே அழைத்தனர். பணியாளர் குடியிருப்புக்குப் புதிதாக வந்தவர்கள் அவரைச் சீட்டாடுபவர் என்று எண்ணி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு கை குறைகிறது, வருகிறீர்களா என்று கேட்டதுண்டு. அவர் கோபித்துக்கொண்டதில்லை. விமான இருக்கைகளைக் கழற்றிப் பழுதுபார்த்து மீண்டும் பூட்டுவதே தம் தொழில் என்று எல்லாருக்கும் ஒரே சொற்களில் விளக்குவார். சீட்டாடத் தமக்குத் தெரியாது என்பதையும் இறுதியில் சேர்த்துச் சொல்லி அனுப்பிவைப்பார்.

பழுதுபார்க்கும் கூடத்தின் கோடியில் நீளவாக்கில் அமைந்த அறை அவருடையது. இருக்கைகள் அங்கே உறை உரிக்கப்பட்டு, இரும்புக் கால்களோடு வரிசையாக நிற்கும். நீண்ட தூரம் பறக்கும் விமானங்களைவிட, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும் விமானங்களின் முதல் வகுப்பு இருக்கைகளே அதிகம் பழுதாகும் என்பதை அவர் தம் அனுபவத்தில் கண்டிருந்தார். நீண்ட பயணத்தில் மனிதர் ஒருமுறை சாய்ந்தால் தூங்கிவிடுகிறார். ஐம்பது நிமிடப் பயணத்திலோ, இறங்குவதற்குள் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. சாய்வதும் நிமிர்வதுமாக இருக்கையைப் படாத பாடு படுத்திவிட்டுப் போய்விடுவார்.

சாய்மானத்துக்கு ஒரு பூட்டு உண்டு. இருக்கை நிமிரும்போது அது ‘டக்’ என்று ஒரே ஒரு முறை ஒலித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு முறை ஒலித்தால் பூட்டு வழுக்குகிறது என்று பொருள். பழுதுபார்த்து முடித்தபின் அந்த இருக்கையில் தாமே உட்கார்ந்து, உடலின் முழு எடையோடு மூன்று முறை சாய்ந்து நிமிர்ந்த பிறகுதான் முத்திரை குத்துவது என்பது அவர் வைத்திருந்த முறை. கையால் தள்ளிப் பார்ப்பதை அவர் ஏற்பதில்லை. இதற்கு அந்த அறையில் முதுகால் பார்ப்பது என்று பெயர். மற்றப் பிரிவுகளில் இருந்தவர்கள்கூட, எந்த வேலை முடிந்தாலும், “முதுகால பாத்தாச்சா?” என்று ஒருவரை ஒருவர் கிண்டலாகக் கேட்டுக்கொள்வார்கள். அவருடைய முத்திரையின் எண் நூற்றுப் பதினான்கு. அந்த எண்ணின்மீது ஒரு புகாரும் பதிவானதில்லை.

இப்படிப் பார்த்துப் பார்த்தே அவருடைய முதுகு கெட்டது. கடைசி இரண்டு ஆண்டுகளாகச் சட்டைக்குள் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வந்தார்.

ஓய்வு பெறுகிறவர்களுக்கு நிறுவனம் முதல் வகுப்பில் இரண்டு பயணச்சீட்டுகள் கொடுப்பது வழக்கம். போவதற்கு மட்டும், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மிகாத உள்நாட்டுப் பயணமாக இருக்க வேண்டும். “அதுக்கு மேல சொகுசா உக்காந்தா நாம கெட்டுப் போயிடுவோம்னு கவலை,” என்று தொழிலாளர்கள் இதைப் பற்றிச் சொல்வதுண்டு. மகள் வசிக்கும் ஊர் ஐம்பது நிமிடத் தொலைவில் இருந்தது. குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, மகள் வீட்டின் பின்பக்க அறைக்கு அவரும் மனைவியும் நிரந்தரமாகவே போவதென்று முடிவாகியிருந்தது. ஆகவே, போவதற்கு மட்டும் என்ற நிபந்தனையால் அவர்களுக்கு இடைஞ்சல் ஏதும் இல்லை.

அவருடைய மனைவி அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஓடுபாதையின் நேர்க்கோட்டில் இருந்த குடியிருப்பு அது. தலைக்கு மேல் விமானம் கடக்கும்போதெல்லாம் பேச்சைப் பாதியில் நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடரும் பழக்கம் அந்த அம்மாளுக்கு வந்திருந்தது. விமானம் இல்லாத ஊருக்குப் போனபோதும் பேச்சினிடையே சற்று நிறுத்திப் பார்ப்பார். கணவர் வேலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் சொல்லிவந்தது ஒன்றுதான். “ஒரு தடவை அதுல ஏறி, ஜன்னல் ஓரமா சாஞ்சு உக்காந்துட்டு வந்துடணும். அதுக்கு மேல எதுவும் வேணாம்.”

கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாள்களும் மூட்டை கட்டுவதிலேயே கழிந்தன. மூட்டுவலியால் அந்த அம்மாள் தரையில் உட்கார முடியாமல் நாற்காலியில் இருந்தபடியே பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றினார். இறுதியில் நாற்காலியும் லாரியில் ஏறிவிட்டது. புறப்பட்ட காலையில், வீடு முழுவதும் காலியாகிவிட்டதால், இருவரும் வாசல்படியில் நின்றவாறே தேநீர் குடித்தனர். அவர் கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்து, சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டார். முத்திரையை முந்தைய நாள் மாலை நான்கு மணிக்கே ஒப்படைத்திருந்தார்.

முதல் வகுப்பில் எட்டே இருக்கைகள். அவர்களுக்கு இரண்டாம் வரிசை. அந்த அம்மாளுக்கு ஜன்னல் பக்கம், அவருக்கு நடைபாதைப் பக்கம். உட்கார்ந்ததும் பணிப்பெண் ஆவி பறக்கும் சிறு துண்டுகளை ஒரு தட்டில் ஏந்தி வந்தாள்.

“இத வெச்சு என்ன பண்ணணும்?” என்று மனைவி தாழ்ந்த குரலில் கேட்டார்.

“மூஞ்சி துடைக்கணும்.”

“கழுவிட்டுதானே வந்தோம்.”

“அவங்களுக்குத் தெரியாதுல்ல. துடைச்சுக்கோ.”

அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துத் துண்டை நான்காக மடித்து வைத்துவிட்டு, மூன்று நாள் அலுப்போடு மெல்லப் பின்னால் சாய்ந்தார். சாய்மானம் இரண்டு விரற்கடை இறங்கியது. அவர் நிமிர்ந்தபோது அதுவும் நிமிர்ந்தது. நிமிர்கையில் இரண்டு முறை ஒலித்தது.

பிறர் காதில் விழாத ஓசை அது. சீட்டுக்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இருக்கையின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறிய தாளைக் குனிந்து பார்த்தார். பதினொரு நாள்களுக்கு முந்தைய தேதி இருந்தது. அதன் கீழே நூற்றுப் பதினான்கு.

அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. காலையில் எழும்போதே முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. எட்டு இருக்கைகளில் ஏழினை முறைப்படி பார்த்து முடித்தார். எட்டாவதில் உட்கார்ந்தால் மீண்டும் எழுந்திருக்க முடியுமா என்ற ஐயம் வந்தது. நின்றபடியே கையால் மூன்று முறை தள்ளினார். மூன்று முறையும் ஒற்றை ஓசைதான் கேட்டது. முத்திரையைக் குத்திவிட்டார்.

“என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?” என்றார் மனைவி.

“இந்த சீட்டு பூட்டு பிடிக்கல.”

“அம்பது நிமிஷம்தானே. நான் முதுகு படாம நேரா உக்காந்துக்கறேன்.”

“தரையில இறங்கி பிரேக் போட்டா, பூட்டு இல்லாத முதுகு ஆளை முன்னால தள்ளிடும்.”

“யார் பாத்த சீட்டு இது?”

அவர் நடைபாதைப் பக்கம் திரும்பினார். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் அவரைக் கடந்து பின்பக்கம் போயிற்று. சொன்னால் இந்த இருக்கையை மூடிவிடுவார்கள். விமானம் நிறைந்திருந்ததால், தங்களில் ஒருவர் முதல் வகுப்பை விட்டுப் போக வேண்டியிருக்கும். தம் எண்ணின்மீது முதல் புகாரும் எழுதப்படும். சொல்லாவிட்டால், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பெரும்பாலும் என்ற அந்தச் சொல்லை அவர் பணிக்காலத்தில் எந்தப் படிவத்திலும் எழுதியதில்லை. தலைக்கு மேலிருந்த அழைப்புப் பொத்தானை அழுத்தினார்.

“சீட் நல்லாத்தானே சார் இருக்கு? உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று பணிப்பெண் கேட்டாள்.

“இதப் பூட்டினது நான்தாம்மா.”

சற்று நேரத்தில் தரைப் பொறியாளர் ஏறி வந்தார். எதற்கெடுத்தாலும் அவசரம் அவசரம் என்பதால் அவருக்கு அவசரம் என்றே பெயர் அமைந்துவிட்டது. சீட்டுக்காரரைக் கண்டதும் வாசலிலேயே நின்றார்.

“அண்ணே, நேத்துதானே கைகுலுக்கி அனுப்பி வெச்சோம். ஒரு நாள் வீட்டுல இருக்க முடியலையா?”

“வீடே இல்லப்பா. சாவியக் கொடுத்துட்டேன். இங்க பாரு, பூட்டுக் கம்பி தளர்ந்திருக்கு. முடுக்கினா சரியாயிடும். நாலு நிமிஷ வேலை.”

“கை வெச்சுடாதீங்க. உங்க முத்திரை நேத்தே பெட்டிக்குள்ள போயிடுச்சு.”

“அப்ப நீ முடுக்கு. நான் சொல்றேன்.”

“சக்கரம், விளக்கு, கதவு, அதுக்குத்தான் எனக்கு அனுமதி. சீட்டுப் பிரிவுலேர்ந்து ஆள் வரணும்னா நாப்பது நிமிஷம் ஆகும். கேப்டன் இப்பவே கடிகாரத்தப் பாத்துட்டு இருக்காரு. கட்டிப் போட்டுட வேண்டியதுதான், அண்ணே.”

அவசரம் இருக்கைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையை இழுத்துக் கட்டினார். பிறகு படிவத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“பயணி சொன்னார்னு மட்டும் எழுதிடறேன். பதினஞ்சு நாளுக்குள்ள மறுபடியும் பழுதுன்னா விசாரணை வரும். உங்க எண்ணுல ஒரு கோடு கூட இல்ல. போற நேரத்துல எதுக்கு?”

“கையால பாத்தார், முதுகால பாக்கலன்னு எழுது.”

“அதுக்குக் கட்டம் இல்ல, அண்ணே.”

“ஓரத்துல எழுது.”

அவசரம் எழுதினார். “விசாரணைக் கடிதம் எங்க அனுப்பறது? குவார்ட்டர்ஸ் விலாசம் இனி செல்லாதே.”

சீட்டுக்காரர் மகள் வீட்டுத் தெருவின் பெயரைச் சொன்னார். கதவு எண் நினைவுக்கு வரவில்லை. எழுந்து நின்றிருந்த மனைவிதான் அதைச் சொன்னார். புதிய முகவரியை அவர்கள் முதன்முதலாகக் கொடுத்தது அந்தக் கடிதத்துக்காகவே.

கடைசி வரிசையில் நடு இருக்கை ஒன்று மட்டும் காலியாக இருப்பதாகப் பணிப்பெண் வந்து சொன்னாள். அந்த அம்மாள் உடனே கைப்பையை எடுத்துக்கொண்டார்.

“நான் போறேன். உங்களுக்குக் கொடுத்த டிக்கெட்டு இது. இடுப்ப வெச்சுக்கிட்டு அங்க எப்படி உக்காருவீங்க?”

“முட்டிய வெச்சுக்கிட்டு நீ எப்படி உக்காருவ? பேசாம இரு.”

தம் நடைபாதைப் பக்க இருக்கையை அவர் சற்று நேரம் பார்த்தார். அதன் தாளிலும் அதே தேதியும் அதே எண்ணுமே இருந்தன. அதை முதுகால் பார்த்தது அவருக்கு உறுதியாக நினைவிருந்தது. இருந்தாலும் உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தி முழு எடையோடு சாய்ந்து நிமிர்ந்தார். ‘டக்.’ இடுப்பில் வலி கொத்தியது. மீண்டும் சாய்ந்து நிமிர்ந்தார். முன் வரிசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை சாய்ந்தவர் உடனே நிமிர முடியாமல், மேலே விளக்கைப் பார்த்தபடி கிடந்தார். அவசரம் கை நீட்ட வந்தபோது தலையசைத்து மறுத்துவிட்டுத் தாமே நிமிர்ந்தார். ‘டக்.’

“உக்காரு,” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் நடந்தார்.

கடைசி வரிசைக்குப் பின்னால் சுவர் இருந்ததால் அந்த இருக்கைகளுக்குச் சாய்மானமே கிடையாது. பழுதாவதற்கு அவற்றில் ஒன்றுமில்லை. இரு பருத்த மனிதர்களுக்கு நடுவே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முதல் வகுப்பிலிருந்து வந்ததை ஜன்னல் பக்கத்தவர் எட்டிப் பார்த்திருந்தார் போலும்.

“முன்னாடியிருந்து இங்க அனுப்பிட்டாங்களா சார்?”

“ஆமாம்.”

“அப்படி என்ன தப்பு பண்ணீங்க?”

“சாஞ்சு பாக்கல,” என்றார் சீட்டுக்காரர்.

விமானம் எழுந்ததும் முன்பக்கத் திரையை மூடிவிட்டார்கள். திரைக்கு அப்பால் நடப்பதை ஒவ்வொரு நிமிடமாக அவரால் கணக்கிட முடிந்தது. பத்தாம் நிமிடத்தில் தண்ணீர்க் குவளை வரும். பதினைந்தில் உணவுத் தட்டு. முப்பத்தைந்தில், உண்டு முடித்தாலும் முடிக்காவிட்டாலும், தட்டை எடுத்துவிடுவார்கள். பத்திலிருந்து நாற்பதுவரை, சாய்ந்திருப்பதற்குக் கிடைப்பது முப்பது நிமிடம். நாற்பதாம் நிமிடத்தில், இருக்கைகளை நிமிர்த்தும்படி அறிவிப்பு வந்தது. அவருக்கு நிமிர்த்துவதற்கு ஒன்றும் இல்லை. ஆயினும் முதுகைச் சற்று நேராக்கிக்கொண்டார். சக்கரங்கள் தரையைத் தொட்டு பிரேக் பிடித்தபோது கைப்பிடிகளை இறுகப் பற்றி, விமானம் வேகம் குறைந்து திரும்பும்வரை விடாமல் இருந்தார்.

எல்லாரும் இறங்கியபின் கடைசியாக அவர் வெளியே வந்தார். அந்த அம்மாள் நடைகூடத்தின் ஓரத்தில், கைப்பையை இரு கைகளாலும் பிடித்தபடி, சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

“மேகம் பாத்தியா?”

“எங்க பாத்தேன்? அந்தப் பொண்ணு வந்து பட்டன அமுக்கிச் சாய்ச்சு விட்டுச்சு. அதோட தூங்கிட்டேன். சாப்பாடு வந்ததே தெரியாது. பக்கத்து சீட்டுல என் பையக்கூட வைக்க விடல, பட்டை கட்டியிருக்குன்னு.”

“வைக்கக் கூடாது.”

“மூணு நாள் தூக்கம். இன்னும் ஒரு மணி நேரம் பறந்திருக்கலாம்.”

சாமான்கள் வரும் கூடத்தை நோக்கி இருவரும் மெதுவாக நடந்தனர். அவருடைய இடுப்பும் அவருடைய மனைவியின் மூட்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் நடக்க விட்டன. நகரும் பட்டையருகே வந்து நின்றபின்தான் அவர் கேட்டார்.

“இறங்கும்போது சீட்ட நிமித்தினாங்களே, பிடிச்சுதா?”

“பிடிச்சுது. அந்தச் சத்தத்துலதான் முழிச்சேன்.”

“எத்தனை சத்தம்?”

அந்த அம்மாள் பதில் சொல்லத் தொடங்கினார். கூரைக்கு மேலே ஒரு விமானம் எழும்பிப் போயிற்று. பழக்கப்படி வாயை மூடி, சத்தம் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தார். அவரும் காத்திருந்தார்.

“ஒண்ணுதான்,” என்றார்.

சீட்டுக்காரர் தலையசைத்துவிட்டு, தங்கள் பெட்டி வருகிறதா என்று பார்க்கத் திரும்பினார்.