படை மருந்தும் கல்யாண முகமும்

1. தங்கச்சிக்குங்க

பாப்பாரப்பட்டி கடைவீதியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நான் பார்மசிஸ்டாகச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். முதல் நாளே முதலாளி பாடம் நடத்தினார். காய்ச்சலைப் பற்றி அல்ல, முகத்துக்குப் போடுகிற சரக்கைப் பற்றி.

"மூஞ்சி வறண்டு வெடிச்சிருந்தா கோல்டு கிரீம் குடு. எண்ணெ வழிஞ்சா ஸ்னோ குடு. செவப்பாவணும்னு கேட்டா, எது கையில ஆப்புடுதோ அதக் குடு."

மார்கழிக் குளிரில் இந்த இரண்டு முகப்பூச்சும் நன்றாகப் போகும். ஆனால் வாங்க வருகிற ஆண்கள் ஒருவர்கூடத் தமக்கென்று கேட்டதில்லை. "வூட்ல கேட்டாங்க", "தங்கச்சிக்குங்க" என்பார்கள். கேட்பவரின் காதோரம் வழித்துவிடாத ஸ்னோ வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் போடுவேன். பஸ் நிற்கிற ஐந்து நிமிடத்தில் ஓடிவந்து வாங்கிப் போகும் ஓர் இளம் கண்டக்டர் இருந்தார். தங்கச்சி மேல் அப்படி ஒரு பாசம் அவருக்கு!

2. சின்ன ட்யூப்

ஜெசிந்தா டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்த பெண். அவள் அப்பாவுக்குத் தொடையில் படை. அதற்கு நான் கொடுத்த சின்ன ட்யூபில் கொஞ்சம் எடுத்துத் தன் கன்னத்துக் கரும்புள்ளியில் தடவிப் பார்த்திருக்கிறாள். ஒரே வாரத்தில் புள்ளி மங்கிவிட்டது.

"ஸ்னோவும் வேண்டாம், கிரீமும் வேண்டாங்கண்ணா. அப்பாவுக்குக் குடுத்த அந்தச் சின்ன ட்யூபே குடுங்க."

அது ஸ்டீராய்டு மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன். அவள் முகம் பளிச்சென்று ஆனதில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. ஸ்னோ கேட்டு வந்தவர்களிடமும் "இது இன்னும் நல்லாக் கேக்குங்க" என்று நானே எடுத்து நீட்டினேன். கண்டக்டரின் தங்கச்சிக்கும் அதே சிபாரிசுதான்.

3. எட்டு நாள்

நான்கைந்து மாதம் கழித்து ஒரு காலையில் ஜெசிந்தா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். விலக்கிக் காட்டினாள். முகம் முழுக்கச் சிவந்து பொரிப்பொரியாக இருந்தது. மருந்து தீர்ந்து நாலு நாள் ஆகிறதாம். எட்டு நாளில் அவளுக்குக் கல்யாணம்.

தர்மபுரியில் தெரிந்த தோல் டாக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே அதத் தொடவே கூடாது. மொதல்ல இன்னும் மோசமாவும், அப்பறந்தான் சரியாவும். மாசக்கணக்குல ஆவும். இன்னொரு ட்யூப் போட்டா அப்போதைக்கு அடங்கும், ஆனா தோலே கெட்டுடும்."

மறுநாள் கடைக்கு வந்து ஜெசிந்தா அழுதாள். "இன்னும் ஏழே நாளுங்கண்ணா. தாலி கட்டற வரைக்கும் போட்டுக்கறேன். இந்த மூஞ்சியப் பாத்தா மாப்ள வூட்ல என்ன சொல்லுவாங்க?"

"குடுத்துத் தொலையேம்பா" என்றார் முதலாளி.

கொடுத்துவிட்டால் எனக்கும் நிம்மதிதான். கல்யாணம் நின்றால் அந்தப் பழி என்னைத்தான் சேரும். ஆனாலும் கை அலமாரிக்குப் போகவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த வேறு களிம்பை மட்டும் கொடுத்தேன். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய், "தப்பு என்னோடதுங்கம்மா" என்று அவள் அம்மாவிடம் சொன்னேன்.

"படிச்சவன்னு நம்பித்தான சாமி வந்தோம்" என்றார் அந்த அம்மா. அதற்குப் பதில் அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

அந்த வாரமே ட்யூபுகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். கண்டக்டர் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். பஸ் புழுதிக்காக என்று நினைத்தேன்.

"தங்கச்சிக்கு ரொம்ப அர்ஜென்ட்டுங்க."

"தங்கச்சிய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

டிரைவர் ஹார்ன் அடித்தார். கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே ஓடினார்.

4. கோவிலில்

கல்யாணத்துக்குப் போகாமலும் இருக்க முடியவில்லை. மாதா கோவிலில் கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்தேன். வெள்ளை நெட் முக்காட்டுக்குள் ஜெசிந்தாவின் முகம் நெருப்பாக இருந்தது. பெண்கள் காதோடு காது பேசத் தொடங்கினார்கள். அப்போது மாப்பிள்ளை திரும்பினார்.

கண்டக்டர்! ஜெசிந்தாவுக்கு இருந்த அதே சிவப்பு, அதே பொரி. இனி எந்த மாப்பிள்ளை வீட்டார் எந்தப் பெண்ணைக் குறை சொல்வது?

ஜெசிந்தா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்களும் அந்தச் சின்ன ட்யூபுங்களா?" என்று கேட்டாளாம். அவர் தலையைக் குனிந்துகொண்டாராம். பீடத்துக்கு முன்னாலேயே அவள் களுக்கென்று சிரித்தது எனக்குக் கேட்டது. சாமியார் தொண்டையைச் செருமினார். எனக்கோ போன உயிர் திரும்பி வந்தது.

பந்தியில் மாப்பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, தங்கச்சிக்குன்னு சொன்னா அப்படியே நம்பிடுவீங்களா? எனக்குத் தங்கச்சியே கெடையாதுங்க."

அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும், அலமாரியைத் தொடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்பேன். யாருக்கு? எந்த இடத்துக்கு? இன்று முகத்துக்குச் சீரம் என்று சொட்டு சொட்டாக விற்கிறார்கள். கவுன்ட்டரில் நிற்கிற தம்பி தங்கைகளே, நீங்களும் கேளுங்கள். சில பேர் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

அடுத்த மார்கழியில் இருவரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். முகங்கள் இரண்டும் தெளிந்திருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தாவே கடைவீதிக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"கோல்டு கிரீம் ஒண்ணு குடுங்கண்ணா. எனக்கில்லீங்க, இவருக்குத்தான். மூஞ்சிக்கு."

கண்டக்டர் ரோட்டில் வராத பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.