வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணி

அந்த ஆபீஸை நினைத்தால் முதலில் வருவது சொல்யூஷன் வாசனைதான்... கீழே ஷூவுக்கு அடி ஒட்டுகிற பசை. அந்த நெடி மாடியேறி வந்து எங்கள் ஹெட்செட் பஞ்சில்கூட ஏறிக்கொள்ளும்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. ஆன்லைனில் வாங்கியவர்கள் கூப்பிடும் கஸ்டமர் கேர், மாடியில். எங்கள் ஊர் அணைக்கட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். தமிழ் லைனில் நாங்கள் நாலு பேர். இந்தி லைனில் இம்ரான் பாயும் சலீம் பாயும் மட்டும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு இரண்டு பேரும் தொழுகைக்குப் போவார்கள். அந்த நேரத்தில் இந்தி கால் வந்தால் ஆளில்லாத சீட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கூப்பிட்டவர் வெறுத்துப்போய் வைத்துவிடுவார்.

சென்னையிலிருந்து புதிதாக வந்த மேனேஜர் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை ரெண்டு பேர்ல ஒருத்தர் சீட்ல இருக்கணும். முடியலன்னா இந்தி லைனையே சென்னைக்கு மாத்திடுறேன்."

இம்ரான் பாய் ஹெட்செட் ஒயரைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"சார், ரெண்டு வாரம் குடுங்க. நான் சரி பண்றேன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ரிப்போர்ட் எடுப்பதற்காக எனக்கு அட்மின் பாஸ்வேர்டு கொடுத்திருந்தார்கள்... என் தகுதி அவ்வளவுதான்.

கால்களைப் பிரித்து அனுப்பும் சாஃப்ட்வேரின் ஹெல்ப் பக்கங்களை பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். வெள்ளிக்கு மட்டும் தனி ஷெட்யூல் போடலாம் என்று தெரிந்தது. பன்னிரண்டரை முதல் இரண்டு வரை வரும் இந்தி கால்களுக்கு ஓர் அறிவிப்பு: ஒன்றை அழுத்துங்கள், இரண்டு மணிக்கு மேல் நாங்களே கூப்பிடுகிறோம். இம்ரான் பாயே இந்தியில் பேசிப் பதிவு செய்து கொடுத்தார்.

அந்த வெள்ளி என் செல்லிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். அறிவிப்பு வரவில்லை. காலி சீட்டில்தான் மணி அடித்தது. மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விடவில்லை. திங்கட்கிழமை, பதினொன்று பத்து முதல் பதினொன்றேகால் வரை என்று சோதனைக்கு ஒரு ஷெட்யூல் போட்டேன். ம்ஹூம். செவ்வாயும் இல்லை. புதனன்றுதான் பிடிபட்டது... சிஸ்டம் பட்டியலை மேலிருந்து பார்க்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். 'தினமும் ஒன்பது முதல் ஆறு' என்பது மேலே இருந்தது, நான் போட்டது அதற்குக் கீழே. இழுத்து மேலே வைத்தேன்.

அடுத்த வெள்ளி, பன்னிரண்டு முப்பத்தொன்று. செல்லில் இம்ரான் பாயின் குரல்! இரண்டு மணிக்கு அவர்கள் திரும்பியபோது ஸ்கிரீனில் ஒன்றை அழுத்திய பதினோரு பேரின் நம்பர்கள். நாலு மணிக்குள் அத்தனை பேரையும் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

"இன்னா ஜெனி, சொன்ன மாதிரியே முடிச்சிட்ட!" என்றார் சலீம் பாய்.

மேனேஜர், "இப்டியே இருக்கட்டும்" என்றதோடு சரி. இந்தி லைன் எங்கேயும் போகவில்லை.

இப்போது வேலூர் பாகாயத்தில், வீட்டிலிருந்தே கால்களுக்கு ஷெட்யூல் போடும் இதே வேலை. முகம் தெரியாத கம்பெனிகள்... ஃபார்ம் வரும், பத்து நிமிஷத்தில் நேரத்தைப் போட்டுவிடுவேன். அந்த சீட்டில் இருப்பது யார், எப்போது எழுந்து போவார், எதுவும் தெரியாது.

போன வாரம் வந்த ஃபார்மில் ஒன்பது முதல் ஆறு, நடுவில் இடைவெளியே இல்லை. மனசு கேட்காமல் போன் போட்டேன். அங்கே கால் எடுக்கிற பெண்தான் பேசினாள்.

"சாப்பாட்டுக்கு எத்தினி மணிக்கு மா எழுந்துப்பீங்க?"

"அத யாரும் கேட்டதே இல்ல மேடம்..."

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஒன்னேகால்ல இருந்து ரெண்டு... போட முடியுமா மேடம்?"

அவளுடைய மேனேஜரிடம் பேசி, அன்றைக்கே போட்டேன்.