ஊசிமுனையளவு சந்தேகம்

மூன்று ஆண்டுகளாகக் கம்பெனியில் சித்ராதேவிக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் உண்மையில் அவளுடைய நோய்க்குக் கிடைத்த பாராட்டு. அது அவளுக்கும் தெரியாது, பாராட்டியவர்களுக்கும் தெரியாது.

நல்லூரில், கைக்குழந்தைகளின் உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்கு வேலை. பதினெட்டு வயதில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, செக்கிங்கில் பல வருடம் நின்று, முப்பத்தாறாவது வயதில் ஊசிப் பொறுப்புக்கு வந்தாள். எந்த மெஷினில் ஊசி உடைந்தாலும் டெய்லர் எழுந்து அவளிடம்தான் வர வேண்டும். உடைந்த துண்டுகளைச் சேர்த்து முழு ஊசியாக வருகிறதா என்று பொருத்திப் பார்ப்பாள். நோட்டில் டேப் போட்டு ஒட்டி, நேரமும் மெஷின் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி கொடுப்பாள். ஒரு துண்டு குறைந்தாலும் போச்சு. அந்த மெஷினைச் சுற்றிக் கிடக்கும் துணியெல்லாம் ஊசி கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும். பச்சைக் குழந்தையின் உடம்பில் படப்போகிற துணி. இதில் விளையாட்டுக்கு இடமில்லை.

பொறுப்புக்கு வந்த ஆறாம் மாதம் ஓர் ஊசியின் முனை மட்டும் காணாமல் போனது. கடுகில் பாதி இருக்கும். இரண்டு மணி நேரம் லைனையே நிறுத்தித் தேடினார்கள். கடைசியில் அந்த மெஷினிலேயே, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் கிடைத்தது. சித்ராதேவி ஒட்டினாள், எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அவள் மனசு மட்டும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. 'ஒட்டினது அதே ஊசியோட முனைதானா? வேறெப்பவோ உடைஞ்ச ஊசியோடதா இருந்தா? அப்ப இன்னைக்குக் காணாமப் போன முனை எந்தக் குழந்தையோட சட்டையில இருக்கும்?'

அந்தக் கேள்வி அன்றோடு போகவில்லை. நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். அது போதாமல் பக்கங்களைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் பெரிதாக்கிப் பார்த்தாள். இயந்திரம் சரி என்று அனுப்பிய உடுப்புகளையும் எடுத்து, தையல் தையலாக விரல் நுனியால் தடவினாள். முதலில் ஒருமுறை, பிறகு மூன்று முறை, பிறகு ஏழு முறை. நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஊசி உடையாத நாளில்கூட விரல் நிற்கவில்லை. நுனித்தோல் உரிந்து சிவந்தது.

அந்த வருட ஆயுத பூஜையன்று புரொடக்‌ஷன் மேனேஜர் தீனதயாளன் எல்லோரையும் நிற்கவைத்து, "வேலைன்னா சித்ராக்கா மாதிரி செய்யோணும்" என்று சொல்லி அவளுக்குப் பட்டுச்சேலை கொடுத்தார். அதைக் கட்டுவதற்கு முன் மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்க்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

பயம் மெல்ல வீட்டுக்குள்ளும் வந்தது. அரிசியைத் தாம்பாளத்தில் பரப்பி விரலால் துழாவுவாள். மாவைச் சலித்து, சலித்ததையே மறுபடி சலிப்பாள். தன் சேலையில் ஒட்டிக்கொண்டு ஒரு முனை வந்திருக்குமோ என்று வாசலிலேயே நின்று உதறுவாள். கணவன் கருப்புசாமி நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன், பொறுமைசாலி. அவனிடம் கேட்பாள்.

"ஏனுங்க, கொஞ்சம் பாருங்க. முந்தானையில ஏதாச்சும் மின்னுதுங்களா?"

"ஒண்ணுமில்ல அம்மிணி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்துட்டன். ஒண்ணுமில்ல."

அந்தப் பதில் அவளுக்குப் பத்து நிமிஷம் தாங்கும். பிறகு மறுபடி கேட்பாள். சொன்னால் நிம்மதியாக இருப்பாளே என்று அவனும் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாற்பது தடவைக்கு மேல் சொன்னதாகப் பின்னால் டாக்டரிடம் சொன்னான்.

எல்லாவற்றிலும் கொடுமை, தங்கையின் குழந்தையை அவள் தூக்க மறுத்தது. அவிநாசிபாளையத்தில் தங்கைக்குப் பெண் பிறந்து பேர் வைத்தபோது உறவெல்லாம் மாற்றி மாற்றி மடியில் வைத்துக் கொஞ்சியது. சித்ராதேவி கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். குழந்தை இல்லாதவளின் ஏக்கம் என்று யாரோ காதுபடச் சொன்னார்கள். தன் உடம்பில் எங்கேயோ ஓர் ஊசிமுனை ஒட்டியிருக்கிறது, அது குழந்தையைக் குத்திவிடும் என்பதை அவள் எப்படிச் சொல்வாள்? சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கே அது அபத்தம் என்று தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை. அதுதான் அவளை உருக்கியது.

போன ஆண்டு ஆவணி மாதம் ஒருநாள் மத்தியானம், தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போக வேண்டிய கண்டெய்னர் லாரி கம்பெனி வாசலில் நின்றது. பெட்டிகளை ஒட்டி அடுக்கியாகிவிட்டது. தீனதயாளன் பேக்கிங் பகுதிக்கு வந்தபோது சித்ராதேவி தரையில் உட்கார்ந்து பெட்டிகளின் டேப்பை அறுத்துக்கொண்டிருந்தாள். பதினொரு பெட்டி திறந்து கிடந்தது. குட்டிக் குட்டி மஞ்சள் உடுப்புகள் அவள் மடியைச் சுற்றிக் குவிந்திருந்தன.

"என்னங்க்கா இது?" அவர் கத்தவில்லை. கத்தத் தோன்றாத அளவுக்கு அவள் முகம் வெளிறியிருந்தது.

"ஒருக்கா பாத்துட்டுக் குடுத்தர்றனுங்க சார்."

"மெஷின்ல எத்தனை தடவை போச்சு?"

"ரெண்டு தடவைங்க."

"கையெழுத்துப் போட்டது யாரு?"

"நாந்தானுங்க."

"அப்புறம் என்ன?"

"தெரியுதுங்க சார். ஒண்ணும் இருக்காதுன்னு தெரியுதுங்க. ஆனா கை கேக்க மாட்டேங்குதுங்க." சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

லாரி மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார் தீனதயாளன். வேலை போனது என்றே நினைத்துக்கொண்டு அவள் வீடு வந்தாள்.

மறுநாள் காலை சீனியம்மாள் வந்தாள். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இருபது வருடமாகப் பிசிறு வெட்டும் பகுதியில் இருப்பவள், ஐம்பதைத் தாண்டியவள். வந்ததும் சித்ராதேவியின் கையைப் பிடித்துத் திருப்பி, உரிந்த விரல் நுனிகளைப் பார்த்தாள்.

"ஏத்தா, நீ கவனமா வேல பாக்கேன்னு எல்லாரும் சொல்றாக. நான் மூணு வருசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இது கவனமில்ல தாயி. சீக்கு."

"சீக்குங்களா?"

"எங்க மதினிக்கு இருந்துச்சு. கைய கழுவுவா, கழுவுவா, தொட்டித் தண்ணி காலியாகுற மட்டும் கழுவுவா. நாங்க சுத்தக்காரின்னு கேலி பண்ணுனோம். பெறகு பேயோட்டுற கோடாங்கிகிட்ட கூட்டிட்டு அலைஞ்சோம். ஆறு வருசம் வீணாப் போச்சு. கடைசியா மதுரையில ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவும்தான் மாத்திரை குடுத்து, ஒக்காத்தி வச்சுப் பேசி, சரியாக்குனாக. இப்ப பேரன் பேத்தி எடுத்துட்டா. நீ ஆறு வருசம் போக்காத."

"மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போனா பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்றவன் வந்து ஒனக்கு மாவு சலிச்சுக் குடுப்பானா? கெளம்பு."

அன்று சீனியம்மாள் தன் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். கருப்புசாமியும் கூட வந்தான். இன்றைக்கும் சித்ராதேவி நன்றியோடு நினைப்பவர்களில் முதல் ஆள் அவள்தான்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில், தான் நினைத்தது போல யாரும் சங்கிலியோடு இல்லாததைப் பார்த்துச் சித்ராதேவிக்கு ஆச்சரியம். கல்லூரிப் பெண் ஒருத்தி, ஆட்டோக்காரர் ஒருவர், சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒரு வடநாட்டுப் பையன். எல்லோரும் சீட்டை வைத்துக்கொண்டு காய்ச்சலுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் அவசரப்படாமல் கேட்டார். எண்ணம் நீங்களாக நினைப்பதா, வேண்டாம் என்றாலும் வருவதா? சரிபார்த்தால் பயம் போகிறதா, போய்த் திரும்பி வருகிறதா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இதில் போகிறது?

"அஞ்சாறு மணி நேரம் இருக்குமுங்க" என்றாள். அதைத் தன் வாயால் கேட்டபோது அவளுக்கே திடுக்கென்றது.

"இதுக்கு எண்ணச் சுழற்சி நோய்னு பேரும்மா. ஓசிடின்னு சொல்லுவாங்க. நிறையப் பேருக்கு இருக்கு. வைத்தியம் இருக்கு."

"ஓசி டீயாம்" என்று கருப்புசாமி வெளியே வந்து முணுமுணுத்தான். பல மாதங்களுக்குப் பிறகு சித்ராதேவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தனக்கு மட்டும் வந்த சாபம் என்று நினைத்திருந்தது, பேர் வைத்த ஒரு நோய். அந்தப் பேரே பாதி மருந்தாக இருந்தது.

மாத்திரை வேலை செய்ய ஆறேழு வாரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாம் வாரம் வயிற்றைப் புரட்டியதும் அவள் யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். அடுத்த முறை போனபோது பயந்துகொண்டே ஒப்புக்கொண்டாள். டாக்டர் திட்டவில்லை. "இந்தப் புரட்டல் கொஞ்ச நாள்ல போயிரும். சாப்பிட்ட பிறகு போடுங்க. நிறுத்தணும்னு தோணினா என்கிட்ட சொல்லிட்டு நிறுத்தலாம்" என்றார். மறுபடி ஆரம்பித்தாள்.

வாரம் ஒருமுறை அவளோடு உட்கார்ந்தவள் மனநல ஆலோசகர் அக்ஷரா. முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாளே சொன்னாள்:

"உங்க கவனத்தை நான் எடுத்துக்க மாட்டனுங்க்கா. முதல் தடவை தொட்டுப் பாக்கறது குழந்தைக்காக. ரெண்டாவது தடவை தொடறது உங்க பயத்துக்காக. நீங்க தீனி போடப் போட அது வளரத்தான் செய்யும்."

பிறகு ஒரு குழந்தைச் சட்டையை மேசையில் வைத்தாள். ஒரே ஒருமுறை தடவிவிட்டு மடித்து வைக்கச் சொன்னாள். அவ்வளவுதான். அதன் பிறகு சும்மா உட்கார வேண்டும். சித்ராதேவிக்கு உள்ளங்கை வியர்த்தது. விரல்கள் தானாக நீண்டன.

"பத்துக்கு எவ்வளவு பயமுங்க்கா?"

"ஒம்போதுங்க."

"இருக்கட்டும். அதை விரட்டாதீங்க. என்னதான் பண்ணுதுன்னு பாப்போம்."

பத்து நிமிஷம். இருபது. ஒன்பதாகவே இருந்தது. பயம் ஏறி ஏறித் தன்னைக் கொன்றுவிடும் என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். நாற்பதாவது நிமிஷம் அவளைக் கேட்காமலே அது இறங்கத் தொடங்கியது. ஏழு. ஐந்து. "நாலுங்க" என்று சொன்னபோது, தான் ஒன்றும் செய்யாமலே அது போகிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

கருப்புசாமிக்கும் பாடம் இருந்தது. அவள் கேட்டால் இனி பதில் சொல்லக் கூடாது. "நான் பாத்துச் சொல்றதுல என்னுங்க தப்பு?" என்று அவன் அக்ஷராவிடம் கேட்டான். "தப்பில்லீங்கண்ணா, பாசந்தான். ஆனா அந்தப் பாசத்தை நோய் தின்னுக்குது" என்றாள் அவள். அன்று சாயங்காலம் சித்ராதேவி முந்தானையை நீட்டியபோது, "இது அந்த நோய் கேக்குது அம்மிணி. நான் சொல்ல மாட்டன்" என்றான். அவள் கெஞ்சினாள், கத்தினாள். அவன் தாங்க முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்துபோய், அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். வந்து பார்த்தபோது அவள் அழுத முகத்தோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முந்தானையைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

ஒரு வாரம் என்றது மூன்று வாரமானது. பிறகு வேலைக்குத் திரும்பினாள். வேறு பகுதிக்கு மாற்றித் தரவா என்று தீனதயாளன் கேட்டார். ஒதுங்கினால் பயம் இன்னும் பெரிதாகும் என்று அக்ஷரா சொல்லியிருந்ததால் அதே இடத்தில் இருப்பதாகச் சொன்னாள். அவர், "எனக்கு இதெல்லாம் தெரியிலீங்க்கா. நாங்க எல்லாரும் கையைத் தட்டிக்கிட்டே இருந்துட்டோம்" என்றார். மருத்துவமனைக்குப் போகும் நாளில் கேட்காமலே அனுப்பி வைத்தார்.

போனில் படம் எடுப்பது முதலில் நின்றது. மாவு சலிப்பது ஒருமுறையானது. விரல்களில் தோல் மூடியது. மார்கழியில், வேலை முடிந்த உடுப்போடு, உதறாமல், கருப்புசாமியின் வண்டியில் ஏறி அவிநாசிபாளையம் போனாள். அவள் பயந்து ஒதுக்கிய வேலைகளை எளிதிலிருந்து வரிசையாக எழுதி அக்ஷரா கொடுத்த பட்டியலில் கடைசியாக இருந்த, மிகக் கடினமான வேலை அது. தங்கையின் பெண் ஐந்து மாதத்தில் கொழுகொழுவென்று இருந்தாள். தானே கை நீட்டி வாங்கி மடியில் வைத்தாள். பயம் எட்டில் நின்றது. குழந்தை அவள் தாலிக்கொடியைப் பிடித்து வாயில் வைத்து எச்சிலாக்கியது. அரை மணி நேரம் கழித்து எட்டு எங்கே போனதென்று அவள் கவனிக்கவில்லை. அன்றுதான் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "இதைய எங்கிட்ட சொல்றதுக்கென்னக்கா?" என்று தங்கை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எல்லாம் துடைத்துவிட்டது போலப் போய்விட்டது என்று சித்ராதேவி சொல்வதில்லை. தூக்கம் குறைந்த நாளில், வேலை நெருக்கும் வாரத்தில் எண்ணம் எட்டிப் பார்க்கும். மாத்திரை இன்னும் தொடர்கிறது. "வந்துட்டியா, உக்காரு" என்று அதற்குச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள்.

இந்தச் சித்திரையில் அக்ஷராவுக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. செய்தி கேட்டதும் சித்ராதேவி வெல்லம் போட்டுக் கச்சாயப் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு, கருப்புசாமியையும் சீனியம்மாளையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"இங்க எதுவும் வாங்கக் கூடாதுங்க்கா" என்றாள் அக்ஷரா.

"வாங்க வேண்டாமுங்க. இங்கயே தின்னுருங்க."

டாக்டருக்கும், சீட்டுப் போடுகிறவருக்கும், வெளியே காத்திருந்தவர்களுக்கும் போய்ப் பாத்திரம் காலியானது. கிளம்பும்போது ஏதோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். கடைசியில் அக்ஷராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கோணுமுங்க" என்றாள். இரண்டாவது முறையும் அதையே சொன்னாள், இந்த முறை பயத்துக்காக இல்லை.