நான் அடைத்த ஓட்டை

என் மனைவியை எங்கள் பகுதியில் ‘தெர்மாமீட்டர்’ என்றுதான் சொல்வார்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் அவள். உள்ளே நுழைந்ததும் நலம் விசாரிக்க மாட்டாள். முதலில் வாயைத் திறக்கச் சொல்வாள். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, ‘ஒட்டு’. வண்டிகளுக்கு சீட் உறையும் தார்ப்பாயும் தைப்பது என் தொழில். எங்கேயாவது ஓட்டையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. இந்தக் குணத்தை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

அவளைப் பற்றி நான் எழுதினால் பெருமையடித்துக்கொள்கிறான் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பத்தொன்பது வருஷமாக மேட்டுத் தெருவின் நாற்பத்தொரு வீடுகளும் அவள் பொறுப்பு. படுத்த படுக்கையாகிவிட்ட தச்சருக்கு முதுகுப் புண் கழுவிக் கட்டுவதிலிருந்து, பச்சைக் குழந்தைக்கு எடை பார்ப்பது வரை எல்லாம் அவள்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். யாருக்கு எந்தத் தேதியில் எத்தனை டிகிரி என்று அதில் இருக்கும். எனக்கும் ஒரு நோட்டு உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறாள் என்று இன்றுவரை காட்டியதில்லை.

அவள் ஓட்டுவது சுகாதார அலுவலகத்து டீசல் கார். அதற்கு முன் தபால்காரர் ஒருவரிடம் இருந்த வண்டி. எங்கள் கைக்கு வந்து இரண்டு குளிர்காலம் சமர்த்தாக ஓடியது. மூன்றாவது குளிர்காலத்தில்தான் தகராறு ஆரம்பித்தது. சமதளத்தில் ஒழுங்காகப் போகும். மேட்டுத் தெருவின் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் இருமும், வெள்ளைப் புகை கக்கும், அப்படியே இழுவை போய் நின்றுவிடும். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தக் குளிரில் நடந்தே ஏறுவாள். ஒருநாள் தச்சர் வீட்டுக்கு நாற்பது நிமிஷம் தாமதம். பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தாமதம்.

விஷயம் அலுவலகத்துக்குப் போய்விட்டது. வண்டிப் பொறுப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவரே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மேடு ஏறிப் பார்ப்பாராம். நின்றால் வண்டியைக் கழித்துவிடுவார்கள். மாற்று வண்டி கிடையாது. மேட்டுத் தெரு வேறு ஆளுக்குப் போகும், இவள் அலுவலகத்தில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்க வேண்டும். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. டோக்கன் கொடுக்கிற நாற்காலியில் அவளை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

என் மச்சினன், அதாவது அவள் தம்பி, சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக். டீசல் ஃபில்டரை மாற்றினான், இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தான். ஒவ்வொரு முறையும் பெரிய சாலையில் இருபது கிலோமீட்டர் விரட்டிப் பார்ப்பான், வண்டி குதிரையாகப் பறக்கும். கடைசியில் வண்டியில் குறை இல்லை, அக்காவுக்குத்தான் மேட்டில் கியர் போடத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அப்படியே சீட் உறைக்குள் வைத்துத் தைத்திருப்பேன். அவள் புது நோட்டு ஒன்றை எடுத்து அட்டையில் ‘கார்’ என்று எழுதினாள்.

பன்னிரண்டு நாள் அந்த வண்டி அவளுக்கு நோயாளி. காலையில் என்ன குளிர், பனியா மழையா, எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு எத்தனை தூரம், எங்கே இருமியது, எல்லாவற்றையும் குறித்தாள். புதன்கிழமை மத்தியானம் தம்பியைக் கூப்பிட்டனுப்பி, நான் துணி வெட்டுகிற மேஜையில் நோட்டை விரித்தாள். நின்றுபோன ஐந்து நாளும் ஈரக் குளிர் நாள். அதற்கு முந்தைய நாட்களில் வண்டி வீட்டுக்கு வீடு நின்று நின்றுதான் போயிருக்கிறது, இன்ஜின் நன்றாகச் சூடேறியதே இல்லை. திங்கட்கிழமை மருந்து எடுக்க ஒரு மணி நேரம் ஓட்டிப் போய்வந்தால் மறுநாள் தொல்லையே இல்லை.

“இது சளி கட்டின நெஞ்சுடா. எங்கயோ நீர் கோத்துக்குது. மேட்டுல பெருமூச்சு விடும்போது மொத்தமா உள்ள போகுது” என்றாள்.

மச்சினன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நோட்டை இன்னொரு முறை பார்த்தான். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது, அழுத்தின காற்று சூடாகிறது, அதைக் குளிர்விக்க முன்பக்கம் இன்டர்கூலர் இருக்கிறது. ஈரக் காற்று அங்கே அளவுக்கு மேல் குளிர்ந்தால் குளிர்ந்த சொம்புக்கு வெளியே வேர்ப்பது போல உள்ளே வேர்த்து, நீர் அடியில் தேங்கும். நெடுந்தூரம் ஓடினால் சூட்டில் காய்ந்துவிடும். இதையெல்லாம் அவன் எனக்குச் சொல்லிக்கொண்டே வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

இன்டர்கூலருக்கு அடியிலுள்ள ரப்பர் குழாயை அவன் கழற்றியபோது, புண் கழுவுகிற எஃகுத் தட்டை அவள் கீழே பிடித்தாள். டீ நிறத்தில் அழுக்குத் தண்ணீர் கொட்டியது. அளந்து பார்த்து நூற்று அறுபது மில்லி என்று நோட்டில் எழுதினாள்.

அப்போது அடியிலிருந்து குரல் வந்தது. “மாமா, இந்தக் குழாயோட வளைவுல யாரோ ஒட்டுப் போட்டிருக்காங்க. கெட்டிக்காரன் வேலை. ஓரம்கூடப் பிரியல.”

எனக்குப் பகீர் என்றது. அது நான் போட்ட ஒட்டு. குளிர்காலத்துக்கு முன், மழை ஆரம்பித்த சமயம். வண்டிக்குப் பக்கத்தில் புது சீட் துணியை விரித்திருந்தேன். அடியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு சொட்டிய தண்ணீர் ஓடிவந்து துணியைக் கறையாக்கிவிட்டது. குனிந்து பார்த்தால் குழாயில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. தேய்த்து, பசை தடவி, இரண்டு அடுக்கு ரப்பர் வைத்து ஒட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை, ஆனால் வேலை சுத்தமாக வந்ததில் உள்ளூரப் பெருமை.

அது தேய்ந்த ஓட்டை இல்லை, டிரில் வைத்துப் போட்ட ஓட்டை என்றான் மச்சினன். தேங்குகிற நீர் தானே வடியட்டும் என்று அந்தத் தபால்காரர் போட்டிருக்கிறார். இரண்டு குளிர்காலம் வண்டி ஓடியதே அதனால்தான்.

நான் ஒப்புக்கொண்டேன். வீட்டில் புயல் வீசும் என்று காத்திருந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒட்டு நல்லாத்தான் போட்டிருக்கீங்க. இப்ப நீங்களே எடுத்துடுங்க” என்றாள்.

எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. என் ஒட்டு அவ்வளவு லேசில் வராது. வெட்கத்தோடு வெட்கமாக அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை அக்காவும் தம்பியும் எனக்கு இன்னொரு வேலை கொடுத்தார்கள். குளிர்காற்று நேராக இன்டர்கூலரில் அடிக்காமல் முன்பக்கச் சல்லடைக்கு ஓர் உறை. முழுக்க மூடிவிடலாமே என்றேன். முழுக்க மூடினால் இன்ஜின் கொதித்துவிடும் என்று தம்பி சொன்னான், காய்ச்சல் வந்துவிடும் என்று அக்கா சொன்னாள். கீழ்ப் பாதிக்கு மட்டும், வெயில் நாளில் கழற்றும்படி நாலு பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தேன். மூன்று முறை அளந்தேன். அவளும் போகிற வழியை மாற்றிக்கொண்டாள். அரை மணி முன்னதாகக் கிளம்பி, ஊரைச் சுற்றி வந்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே மேட்டைத் தொடுவது என்று.

வெள்ளிக்கிழமை நல்ல பனி. பொறுப்பாளர் ஃபைலோடு வந்து உட்கார்ந்தார். நான் மேட்டின் அடியில் போய் நின்றுகொண்டேன். வண்டி சுற்றி வந்து என்னைத் தாண்டியபோது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாதி மேட்டில் கியர் மாறும் சத்தம் கேட்டது. அங்கேதான் எப்போதும் இருமும். வண்டி இருமவில்லை. வளைவில் திரும்பி மறைந்துவிட்டது.

உடனே இறங்கி வருவார்கள் என்று பார்த்தால் ஆளையே காணோம். வேகவேகமாக ஏறிப் போனேன். பொறுப்பாளர் தச்சர் வீட்டு வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மணி ஏழரை ஆகிவிட்டதாம், தச்சருக்குக் கட்டு மாற்றும் நேரமாம், அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் வந்த பெருமையை எந்த நூலாலும் தைத்து அடக்க முடியாது.

வெளியே வந்தவளிடம் என்ன கோளாறு என்று அவர் கேட்டார்.

“தண்ணி வடியற வழி அடைச்சிருந்துச்சு சார். திறந்தாச்சு.”

அடைத்தது யார் என்று கேட்டார். அவள் பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தாள். நான் முன்னால் வந்து, “நான்தான் சார், இவங்க வீட்டுக்காரர்” என்றேன். அவர் என்னையும் பார்த்தார், வண்டியின் உறையையும் பார்த்தார். பிறகு பானெட்டின் மேல் ஃபைலை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மற்ற ஒன்பது வண்டிகளுக்கும் இதை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி அவளிடம் கேட்டுக்கொண்டார்.

அந்தப் பக்கம் இப்போது அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. குளிர்நாளில் அடிக்குழாயைப் பாருங்கள், வாரம் ஒருமுறை நெடுந்தூரம் ஓட்டுங்கள், பாதி உறை போடுங்கள், அடியில் சிறு ஓட்டை தெரிந்தால் அடைக்காதீர்கள் என்று மருந்துச் சீட்டு மாதிரி எழுதியிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் என் வேலையை வாய்விட்டு நல்லது என்று அவள் சொன்னது அந்த ஒட்டைப் பற்றி மட்டும்தான். ஆனால் அந்தத் தாளின் கடைசி வரியை நான் போய் என் கண்ணால் பார்த்தேன்: “உறையை என் கணவரிடம் மட்டும் தைக்கக் கொடுங்கள். அளவு தப்பாது.”

அதைப் படிக்க நான் ஏதாவது சாக்குச் சொல்லி வாரம் ஒருமுறை அங்கே போய்வருகிறேன்.