அத்தைக்கு இறங்காத கஞ்சி

சகோதரிகளே, நான் பொறுமைசாலி இல்லை. ஆண்டவருக்கும் அது தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம். நல்லூரில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்குப் பனியன் கம்பெனியில் வேலை. ஞாயிறு ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று என் மாமியாரை நான்தான் விரட்டினேன். வாசற்படியில் தடுக்கி விழுந்தார். தலையில் சின்ன வீக்கம், இரண்டு நாளில் அடங்கிவிட்டது. மூன்று வாரம் கழித்து நாக்கு குழறியது. இடது கால் இழுத்தது. என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார். அன்று ராத்திரியே ரயிலேற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மதராஸில் மண்டையில் துளை போட்டு, உறைந்திருந்த ரத்தத்தை எடுத்தார்கள். "தலை சரியாயிடுச்சும்மா. ஆனா எழுபது வயசு, எலும்பும் தோலுமா இருக்காங்க. இனிமே தேறுறது உடம்புல இருக்கிற தெம்பைப் பொறுத்தது. நல்லா சாப்பிடணும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தும் எழவில்லை. நாளுக்கு நாள் வற்றினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தேன். என்னால்தானே விழுந்தார்? தினமும் சாயங்காலம் வரை உபவாசம் இருந்தேன். நாளைக்கே எழுப்பும் ஆண்டவரே என்று அதட்டாத குறையாக ஜெபித்தேன். அத்தையோ இரண்டு வாய்க்கு மேல் கஞ்சி வாங்கமாட்டார். பல்லைக் கடித்துக்கொள்வார்.

பத்தாம் நாள் கிண்ணத்தை நங்கென்று வைத்தேன். "ஏனுங்க அத்தை, எம்மேல இன்னும் கோவங்களா? சாகோணும்னே கெடக்கறீங்களா?" என்று கத்திவிட்டேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "கோவமில்ல கண்ணு. எனக்கோசரம் நீ பட்டினி கெடக்கறே. எனக்கு எப்படி எறங்கும்?"

உட்கார்ந்து அழுதேன். என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது. அதே கஞ்சியை எனக்கும் ஊற்றிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தேன். நான் ஒரு வாய், அவர் ஒரு வாய். கிண்ணம் காலியானது.

மறுநாளே எழுந்துவிடவில்லை. உட்கார இரண்டு வாரம், நிற்க ஒரு மாதத்துக்கு மேல். நான் பரபரத்தால், "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையாக்கும்" என்று கிண்டல் செய்வார். இடது கால் கடைசிவரை கொஞ்சம் இழுத்தது. ஆனாலும் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு என் தோளைப் பிடித்து நடந்தே வந்தார். பாதி வழியில் கோயில் மணி அடித்துவிட்டது. நான் விரட்டவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பாட்டு. அதை அத்தை நின்றபடியே பாடினார்.

உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். தாமதமானால், இல்லை என்று சொல்லிவிட்டார் என நினைக்காதீர்கள். கேட்டுவிட்டு, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.