கலியாணத்துக்கு ஒரு கிழமை முன் வாங்கிய வைன்

என் கலியாண வரவேற்பில் வைன் வேண்டாம் என்று சொன்னது நான். வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அப்பா. அவர் குடியை விட்டு ஏழு வருடமாகியிருந்தது. அதற்கு முந்தைய காலத்தை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. கதவில் சாவி திரும்பும் சத்தத்தை வைத்தே அவர் எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லக்கூடிய பிள்ளையாக வளர்ந்தேன், அவ்வளவுதான்.

“மாப்பிள்ளையின்ரை சனம் வடக்குக் கோடி ஹம்மர்பெஸ்டிலை இருந்து பிளேன் ஏறி வருகுது. அதுகளுக்குத் தண்ணியைக் குடுத்து அனுப்புறதே?” என்று கேட்டார் அப்பா. மாப்பிள்ளை நோர்வேக்காரர். நாங்கள் கத்தோலிக்கர். கேக் வெட்டியதும் வைன் கிளாஸைத் தூக்கி வாழ்த்துவது இரண்டு பக்கத்துக்கும் வழக்கம்தான். பெண்ணின் தகப்பன் பேசித் தூக்க வேண்டிய அந்த ஒரு கிளாஸ்தான் எனக்கு நித்திரையில்லாமல் செய்தது. ஒரு வாய் போதும், எல்லாம் திரும்ப வந்துவிடும்.

நோர்வேயில் வைன் விற்பது அரசாங்க மதுக்கடையில் மட்டும்தான். அங்கே அப்பாவின் காரிலேயே போக வேண்டியிருந்தது. என்னிடம் கார் இல்லை. வாசலில் நிற்கச் சொன்னேன். கேட்பாரா? என்னை முந்திக்கொண்டு உள்ளே போனார்.

விற்பனைப் பெண் என்ன சாப்பாடு என்று கேட்டாள். ஆட்டிறைச்சிக் கறி, நல்ல உறைப்பு என்றேன். இலேசாக இனிக்கும் வெள்ளை வைன் உறைப்போடு சேரும் என்று அவள் விளக்க, என் கண் முழுக்க அப்பாவில் இருந்தது. ஒரு போத்திலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய்ந்து போய்ப் பறித்தேன்.

“பாத்தால் வெறிக்காது, பிள்ளை,” என்றார். சிரிப்பு வேறு. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அல்கஹோல் இல்லாத வைன் அடுக்கியிருக்கும் தட்டு எங்கே என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டது அவர்தான். வெள்ளை வைனைப் போலவே நிறமுள்ள ஒன்றைத் தெரிந்தெடுத்து, “இது என்ரை கிளாஸுக்கு. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது,” என்றார். என் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. இவ்வளவு நாளும் வீணாகத்தான் பயந்தேனா?

வாங்கிய வைன் பெட்டிகளை டிக்கியில் ஏற்றினோம். மண்டபத்துச் சாவி கலியாணத்துக்கு முதல் நாள்தான் கிடைக்கும். நான் இருந்தது மூன்று பேரோடு பங்குபோட்ட மாணவர் அறை. அதனால் பெட்டிகளை ரொம்சோஸில் அப்பா அம்மா வீட்டிலேயே வைப்பதாக ஏற்பாடு. ஏற்பாடு என்னுடையதுதான். வழி முழுக்க நான் சந்தோஷமாகப் பூ அலங்காரத்தைப் பற்றி அலட்டிக்கொண்டிருந்தேன்.

ரொம்சோஸுக்குத் திரும்பும் இடத்தில் காரை ஓரமாக நிறுத்தினார். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

“பிள்ளை, உதுகளை வேறை எங்கையும் வைக்கேலாதே?”

“ஏன் அப்பா? கலியாணத்திலை உங்கடை கிளாஸுக்குத்தானே வேறை எடுத்திருக்கிறம்?”

“கலியாணத்திலை எனக்குப் பயமில்லை. அவ்வளவு சனம் பாத்துக்கொண்டிருக்கும்,” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், “கொம்மாவுக்கு இந்தக் கிழமை முழுக்கப் பின்னேர வேலை. வீட்டிலை நான் தனிய,” என்றார்.

பியோர்ண்டாலில் இருக்கும் சிநேகிதிக்குப் போன் எடுத்து, பெட்டிகளை அவள் வீட்டில் வைக்கலாமா என்று கேட்டேன். ஓம் என்றாள். நகரத்தின் மறுகோடிக்குக் காரைத் திருப்பினார் அப்பா.

அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர் இறங்கவில்லை. எல்லாப் பெட்டிகளையும் நான்தான் இறக்கினேன்.