இரண்டாவது தும்மல்

செம்பாக்கம் ஏரியை ஒட்டிய சாலையில் தோளில் பையோடு நடந்துகொண்டிருந்தபோது எனக்குத் தும்மல் வந்தது. முன்னால் போன குப்பை வண்டி கிளப்பிய தூசிதான் காரணம். ஒரு வீட்டு கேட்டைத் தாண்டி ஸ்கூட்டரை வெளியே எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், சத்தம் கேட்டதும் வண்டியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் இல்லை. போகிற காரியம் கெட்டுவிட்டதே என்ற சோர்வுதான் முகத்தில் தெரிந்தது. நான் நின்று, மூக்கைச் சுருக்கி, இன்னொரு தும்மலை வரவழைத்துப் போட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இப்படி வரவழைப்பதுதான் அதற்கு முந்தின நாள் வரை எனக்கு வேலையாக இருந்தது.

என் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. அதன்பிறகு லாரியில் கிளீனர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது, தாம்பரத்தில் ஒரு லாட்ஜில் அறைகளைப் பெருக்குவது என்று போனது. எந்த இடத்திலும் நான் அதிகம் தங்கியதில்லை. யாரும் துரத்தியதாகச் சொல்ல முடியாது. கால் நிற்காது, அவ்வளவுதான். செம்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் இருந்த டப்பிங் ஸ்டூடியோவுக்கு டீ வாங்கவும் பெருக்கவும் இராத்திரி அங்கேயே படுத்து சாமான்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்றார்கள். படுக்க இடம் கிடைக்கிறதே என்று சேர்ந்தேன்.

ஸ்டூடியோவை நடத்திய அக்கா அதற்கு முன் பல்லாவரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். வேலையை விட்டுவிட்டு, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டி, வெளிநாட்டு கார்ட்டூன்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கிற இந்தத் தொழிலைத் தொடங்கியிருந்தார். முதலில் கிடைத்த பெரிய வேலை ஒரு சிறுவர் தொடர். அதை முழுதாக முடித்துக் கொடுத்தால் அடுத்த தொடரும் உங்களுக்கே என்று சேனல்காரர்கள் சொல்லியிருந்தார்கள். முடிக்காவிட்டால் ஸ்டூடியோ இருக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தொடரில் வருகிற வீரர்கள் எல்லோருமே அசிங்கம் பிடித்தவர்கள். ஒருவன் ஏப்பம் விட்டால் கதவு உருகும். ஒருத்தி கால் விரல் இடுக்கு அழுக்கை உருட்டி குண்டாக எறிவாள். ஒருவனுக்குச் சக்தி பின்பக்கத்தில். அவனுக்கு என்ன பெயர் வைப்பது என்று சேனலோடு பெரிய பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில் வாயு வீரன் என்று முடிவானது. இவர்களுக்குத் தலைவன் தும்மல் வீரன். அவன் தும்மினால் ஒரு தெருவே பறக்கும், சளியில் எதிரிகள் ஒட்டிக்கொள்வார்கள். வில்லன் ரொம்பச் சுத்தமானவன். உலகம் முழுவதையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும் என்பது அவன் திட்டம். அக்காவின் அப்பா என்ன வேலை செய்கிறாய் என்று போனில் கேட்டால், "பிள்ளைங்களுக்கான நிகழ்ச்சிப்பா" என்பதோடு அக்கா நிறுத்திக்கொள்வார்.

வசனம் பேச நடிகர்கள் வந்து போவார்கள். தும்மச் சொன்னால் மட்டும் தொண்டை போய்விடும் என்று ஒதுங்கினார்கள். தும்மிக் காட்டியவர்களும் சினிமாவில் தும்முவதுபோல 'அச்சு' என்றார்கள். ஒருநாள் பஞ்சுத் தூசியைப் பெருக்கும்போது நான் தும்மினேன். சவுண்டு பார்க்கிறவன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தான்.

"மச்சான், அது நீயா? இன்னொரு தபா வருமா?"

வந்தது. கூரை மேல் பார்வையை வைத்து, அண்ணத்தை நாக்கால் தேய்த்தால் எனக்கு வரும். சின்ன வயதில் வகுப்பை விட்டு வெளியே போவதற்காகப் பழகியது. அன்றிலிருந்து தும்மல், ஏப்பம், சளி உறிஞ்சுவது எல்லாம் என் பொறுப்பு.

தும்மல் வீரனுக்குப் பஞ்சு ஒட்டிய அறை சரிப்படவில்லை, சத்தம் அமுங்கிப் போனது. டைல்ஸ் ஒட்டிய குளியலறையில் கணீரென்று எழும்பியது. எனவே மைக்கை அங்கே இழுத்துக் கட்டி, நான் வாளிக்குப் பக்கத்தில் நின்று தும்முவேன். அந்தக் குளியலறையின் வென்டிலேட்டர், கீழே வீட்டுக்காரர் செருப்பு விடுகிற போர்ட்டிகோவுக்கு நேர் மேலே இருந்தது. இதை யாரும் யோசிக்கவில்லை.

வீட்டுக்காரர் அந்த ஊரின் பழைய குடும்பம். பயிர் வைத்த நிலத்தை மனை போட்டு விற்று, மிச்சத்தில் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டவர். ஒருநாள் காலை செருப்பு மாட்டியிருக்கிறார், தும்மல். திரும்பி உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பியிருக்கிறார். மறுபடி தும்மல். அடுத்த தடவை தண்ணீர் குடிக்கப் போகாமல் நேராக மாடிக்கு வந்துவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா இது? செருப்புல கால வெச்சாலே தும்முறான். யாரு அவன்?"

"சாரி சார். கார்ட்டூனுக்காகத் தும்முறாங்க."

"கார்ட்டூன்ல எதுக்குத் தும்மணும்?"

"அதுதான் சார் அந்த ஹீரோவோட சக்தி. அவன் தும்மினா எதிரி பறந்துடுவான்."

அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். "எதிரி பறக்கறது இருக்கட்டும். தண்ணி குடிச்சிக் குடிச்சி வயிறு ரொம்பிட்ச்சி எனக்கு."

பிறகு அவரே வழியும் சொன்னார். ஒற்றைத் தும்மல்தான் ஆகாது, இரட்டையாகத் தும்மினால் தோஷம் இல்லை, நல்லதுகூட. "தும்முறதுன்னா ரெண்டா தும்மச் சொல்லு. நான் ஒண்ணியும் கேக்க மாட்டேன்."

அக்காவுக்கு இந்த விவரம் புதிது. அவர் போனபின் என்னிடம், "நிஜமாவா?" என்றார். "ஆமாக்கா, ரெண்டுன்னா யாரும் நிக்க மாட்டாங்க" என்றேன். அன்றிலிருந்து தும்மல் வீரன் ஒருமுறை தும்ம வேண்டிய இடத்திலெல்லாம் நான் இரண்டுமுறை தும்மினேன். சவுண்டுக்காரன் முதல் தும்மலைப் படத்தில் சேர்த்துவிட்டு இரண்டாவதை வெட்டுவான்.

"மச்சான், இத்த நான் எங்க கொண்டுபோய்க் கொட்றது?" என்று கேட்டவன், தூக்கிப்போட மனமில்லாமல் கம்ப்யூட்டரில் தனியாக ஓர் இடத்தில் சேர்த்து வைத்தான்.

மாதக்கணக்கில் இப்படியே நடந்தது. வீட்டுக்காரர் வாசலில் ஒரு தும்மல் கேட்டால் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்பார், இரண்டாவது கேட்டதும் காலை இறக்கி நடப்பார். மாடியிலிருந்து பார்த்துச் சவுண்டுக்காரன் சிரிப்பான்.

அவருடைய மகள் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். தட்டு மாற்ற மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருகிறார்கள், அன்று மதியத்தோடு வேலையை நிறுத்திவிடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அக்காவும் ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே யாரோ பெரியவர் சாயங்காலம் நல்ல நேரம் இல்லை என்று கண்டுபிடித்ததில், அவர்கள் காலையிலேயே வண்டி ஏறி வந்துவிட்டார்கள். கீழே இருந்த பரபரப்பில் மேலே சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அதுவரை நாங்கள் இருந்த பஞ்சு அறைக்குள் வெளியே நடக்கிற சத்தம் எதுவும் கேட்காது.

தும்மல் வீரன் சோப்பு வில்லனின் கோட்டையைத் தகர்க்கிற காட்சி. நான் குளியலறைக்குப் போய் முதல் தும்மலைப் போட்டேன், நல்ல பெரிய தும்மல். அது முடிகிற நொடியில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. "நிறுத்து மச்சான், கரண்ட் இல்ல" என்று உள்ளேயிருந்து சவுண்டுக்காரன் கத்தினான். நான் நிறுத்தினேன்.

கீழே மின்விசிறிகள் நின்றுபோனதால் வென்டிலேட்டர் வழியே எல்லாம் தெளிவாகக் கேட்டது. தட்டு கை மாறிக்கொண்டிருந்த நேரம் என்று பிறகு சொன்னார்கள். ஒரு பெண் குரல், "இன்னொண்ணு வருதா பாருங்க" என்றது. இன்னொரு குரல், "இருங்க, இருங்க, வரும்" என்றது. அது வீட்டுக்காரர்.

எனக்கு விஷயம் புரிந்தது. கூரையைப் பார்த்தேன். அண்ணத்தைத் தேய்த்தேன். வரவில்லை. வென்டிலேட்டர் வெளிச்சத்தை நேராகப் பார்த்தேன், துண்டின் நுனியைத் திரித்து மூக்கில் விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, தும்மல் வரவில்லை. கீழே இருபது பேர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தால் எப்படி வரும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எதுவும் தோன்றவில்லை. வாயாலாவது 'அச்சு' என்று சொல்லிப் பார்த்தேன். கீழே யாரோ, "இது கணக்குல சேராதுங்க" என்றார். அதன்பிறகு நாற்காலிகள் நகர்கிற சத்தம்.

மாப்பிள்ளை வீட்டார் சண்டை போடவில்லை. வேறு நல்ல நாள் பார்த்து வருகிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பலகாரத்தைத் தொடாமல் போனார்கள். வீட்டுக்காரர் மேலே வந்தார். இந்தமுறை அவர் சத்தம் போடவில்லை.

"தும்மினான், கரண்ட்டு போச்சு. ரெண்டும் ஒண்ணா. நான் இன்னா சொல்லி அவங்கள ஒக்கார வெப்பேன்? அவன் இந்த வூட்ல இருக்கக் கூடாது டீச்சரம்மா. இல்லாட்டி நீங்க எல்லாருமே காலி பண்ணிடுங்க."

அவர் இறங்கியபின் கரண்ட் திரும்ப வந்தது. சவுண்டுக்காரன் மெதுவாக, "மச்சான், உனக்கு நெசமாவே பவர் கீதுடா" என்றான். அக்கா அவனை முறைத்தார். தொடரில் இன்னும் கொஞ்சம் பாகங்கள் மிச்சம் இருந்தன. வேறு இடம் பார்த்து மறுபடி பஞ்சு ஒட்டி முடிப்பதற்குள் சேனல்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

"ரெண்டாவது தும்மல் எல்லாம் இருக்கில்ல?" என்று நான் கேட்டேன்.

சவுண்டுக்காரன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான். சின்னதும் பெரிதும் கோபமும் சோகமுமாக, வெட்டிப் போட்ட அத்தனையும் வரிசையாக இருந்தன. மிச்சப் பாகங்களுக்குத் தாராளமாகப் போதும்.

"அதுக்காக உங்கள அனுப்பணுமா?" என்றார் அக்கா.

"இருந்தா அவரு நிம்மதியா செருப்பு மாட்ட மாட்டாருக்கா."

"ஏப்பம்?"

"அது நான் வுடறேன்" என்று சவுண்டுக்காரன் முயற்சி செய்தான். பூனை இருமியதுபோல ஏதோ வந்தது. அக்கா அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். "கிளாஸ்ல ஏப்பம் விட்ட பசங்கள வெளிய நிக்க வச்சவ நான். எனக்கு நல்லா வேணும். நானே பழகிக்கிறேன்."

மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். படியில் வீட்டுக்காரரின் மகள் வங்கிக்குக் கிளம்பி நின்றிருந்தாள்.

"அப்பா சொன்னதுக்காகவா போறீங்கண்ணா?"

"நான் எங்கயும் ரொம்ப நாள் இருக்கறதில்லம்மா."

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "கட்டிக்கப்போறவரு நல்ல மாதிரிதான். நேத்து ராத்திரி போன் பண்ணாரு. திரும்ப வருவாங்களாம்." பிறகு, "அந்த ரெண்டாவத மட்டும் போட்டிருக்கலாம் நீங்க" என்றாள்.

"வரலம்மா" என்றேன்.

ஸ்கூட்டர்காரர் போனபிறகு மேடவாக்கம் வரை நடந்தேன். அங்கே சோழிங்கநல்லூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து மாறி கோவளம். கோவளத்தைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது. அந்த பஸ் அதற்கு மேல் போகவில்லை. மீன் ஏலக் கொட்டகைக்குப் பக்கத்தில் படுத்தேன்.

காலையில் ஐஸ் உடைக்க ஆள் கேட்டுக்கொண்டிருந்தார் ஒரு மீன்காரம்மா. நான் எழுந்து போனேன். பெரிய ஐஸ் கட்டியைக் கட்டையால் உடைத்து, படகில் ஏற்றுகிற பெட்டிகளில் நிரப்ப வேண்டும். ஐஸ் தூள் முகத்தில் அடித்தது, மூக்கு குறுகுறுத்தது. பத்தடி தள்ளி ஒரு படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் துண்டை நனைத்து மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"இன்னாபா, ஜலதோசமா?" என்றார் அந்த அம்மா.

"இல்லக்கா."

"நாத்தம் தாங்கலியா? மீனு விக்கற எடத்துல மல்லிப்பூவா மணக்கும்?"

"நாத்தம்லாம் பழக்கம்தாங்க்கா."

"அப்ப இன்னாத்துக்கு மூஞ்சக் கட்டிகினு கீற?"

நான் படகைப் பார்த்தேன். அது இன்னும் கரையிலிருந்து விலகவில்லை. "அது போவட்டும்க்கா, அவுத்துடறேன்" என்றேன். அவர் என்னையும் படகையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.